பக்கத்து வீட்டு சிகரெட் புகை: ஆறு மாசம் தப்பான கதவை அடைச்சுட்டு இருந்தேன்

மடிப்பாக்கத்துல ரெண்டாவது மாடி, வாடகை வீடு. குடி வந்த ரெண்டாவது வாரமே ராத்திரி பத்தரைக்கு மேல பெட்ரூம்ல சிகரெட் வாடை. பொண்ணுக்கு நாலு வயசு, வீசிங் இருக்கு. நெபுலைசர் வெச்சுத் தூங்க வெச்ச பத்தாவது நிமிஷம் மறுபடி இருமல் ஆரம்பிக்கும், அந்தச் சத்தத்தை நெனச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது.

பால்கனி வழியாத்தான் வருதுன்னு முடிவு பண்ணி கதவிடுக்குக்கெல்லாம் ரப்பர் ஒட்டினேன், ஒண்ணும் குறையல. ஹவுஸ் ஓனர்கிட்ட சொன்னா "அவங்களது சொந்த வீடும்மா, நான் என்ன சொல்றது"ன்னுட்டார். அசோசியேஷன்ல லெட்டர் கேட்டாங்க, குடுத்தேன், ரெண்டு மாசம் கழிச்சுப் போய்க் கேட்டா அதைக் காணோம், இன்னொண்ணு எழுதித் தாங்கன்னாங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. லீவ் போட்டு ஸ்டேஷனுக்கும் போனேன், அதுவும் வீண். 2003 புகையிலைச் சட்டம், 2008 அக்டோபர் 2-லேர்ந்து வந்த தடை, அந்த 200 ரூபா வரைக்குமான அபராதம் எல்லாம் பொது இடத்துக்குத்தான். அவங்கவங்க வீட்டுக்குள்ள பிடிச்சா அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நீங்களாவது தெரிஞ்சுட்டுப் போங்க.

வழி தெரிஞ்சது ஒரு ஊதுவத்தியாலதான். ஒரு நாள் ராத்திரி பாத்ரூம்ல வாடை ஜாஸ்தியா இருக்கேன்னு ஊதுவத்தியைக் கொளுத்தி டக்ட் (ரெண்டு வீட்டு பாத்ரூமுக்கும் பொதுவா பைப் போற சந்து) பக்கம் இருக்கிற வென்டிலேட்டர் கிட்ட புடிச்சேன். புகை வெளிய போகாம என் மூஞ்சிக்கே திரும்பி வந்துச்சு. கிச்சன் சிம்னியை ஆஃப் பண்ணினேன், அப்படியே தணிஞ்சுடுச்சு. ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு சிம்னியைப் போட்டா அதுக்குக் காத்து எங்கேர்ந்தாவது வரணும்ல, டக்ட்லேர்ந்து இழுத்திருக்கு. புகை வரக்கூடாதுன்னு நான் ஒவ்வொண்ணா சாத்தச் சாத்த இன்னும் ஜாஸ்தியா இழுத்திருக்கேன், அதுதான் இப்பவும் மனசு ஆறல.

அப்பவே போய் பக்கத்து வீட்டு பெல் அடிச்சேன். "அண்ணே, சண்டை போட வரல, ஒரு நிமிஷம் எங்க பாத்ரூம்ல வந்து நின்னு பாருங்க"ன்னேன். வந்தார், நின்னார், பெட்ரூம்ல நெபுலைசர் மாஸ்க்கைப் பாத்தார். "பசங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுட்டுதான்மா பிடிப்பேன், அது இங்க வருதுன்னு சத்தியமா தெரியாது"ன்னார். மறுநாள்லேர்ந்து மொட்டை மாடிக்குப் போறார். மழை பெஞ்சா மட்டும் லேசா வாடை வரும்.

அதுக்கும் சேத்து பைப் போற ஓட்டையைச் சுத்தி எம்-சீல் வெச்சு அடைச்சோம், காத்து திரும்பி உள்ள வராத மாதிரி மூடி இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம், சிம்னி போட்டா கிச்சன் ஜன்னலைத் திறந்து வெக்கிறோம். ரொம்ப நாள் புழங்காத பாத்ரூம்னா தரையில தண்ணி போற ஜாலியில ஒரு மக்கு தண்ணி ஊத்துங்க, அது காஞ்சு கிடந்தா அது வழியாவும் வாடை ஏறும்.

புதுசா வீடு பாக்குறவங்க பகல்ல மட்டும் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு தடவை போய் பாத்ரூம்ல அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க.