ஹெட்டரோசிஸ்ட் வரமாட்டேன் என்று அடம்பிடித்த கதை

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு அனபீனா பிசிசி 7120 என்ற இழை வடிவ நீலப்பச்சைப் பாசியை எடுத்திருக்கிறீர்களா? மீடியம் பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் நம்பாதீர்கள்.

கல்ச்சர் வாங்கியது, வளர்த்தது எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. நைட்ரேட் இல்லாத பிஜி-11-க்கு (பாசி வளர்க்கும் உப்புக் கரைசல்) மாற்றினால் ஒரு நாளில் பத்து, இருபது செல்லுக்கு ஒன்று ஹெட்டரோசிஸ்ட், அதாவது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் தடித்த உறை கொண்ட செல், ஆகவேண்டும். எனக்கோ இழை முழுக்க ஒரே மாதிரி செல்கள். திரும்பப் போட்டாலும் அதே கதை. "உங்க பாசியிலதான்மா கோளாறு, வேற வாங்குங்க" என்று ஸ்டோர் அண்ணன் கைகழுவிவிட்டார்.

கோளாறான பாசி இப்படிக் கொழுத்து வளருமா? நைட்ரஜன் கிடைக்காவிட்டால் பாசி தன் நிறமிப் புரதமான பைக்கோசயனினையே உடைத்துத் தின்னும், குடுவை மஞ்சளடிக்கும். ஹெட்டரோசிஸ்ட் வேலையைத் தொடங்கினால்தான் பச்சை திரும்பும். ஹெட்டரோசிஸ்ட் போடத் தெரியாத பாசி என்றால் வெளுத்தே போயிருக்கும். என் குடுவை வெளுக்கவே இல்லை.

மீன்தொட்டிக் கடையில் நைட்ரேட் பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கி வந்து, 'நைட்ரஜன் ஃப்ரீ' பாட்டிலில் நனைத்தேன். அட்டையில் உள்ள கடைசிக் கட்டத்தையும் தாண்டி அடர் பிங்க்! லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட் போட்ட சாதாரண பிஜி-11-ஐ யாரோ அதில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். "லேபிள்ல இருக்கிறதைத்தானேம்மா குடுத்தேன்" என்றார் அண்ணன். பதில் பேசாமல் வந்துவிட்டேன்.

அப்புறம் நானே எடை போட்டுத் தயாரித்தேன். சோடியம் நைட்ரேட்டை விட்டதோடு, ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட்டுக்குப் பதில் ஃபெர்ரிக் சிட்ரேட், கோபால்ட் நைட்ரேட்டுக்குப் பதில் கோபால்ட் குளோரைடு. விட்ட இரண்டிலும் நைட்ரஜன் உண்டு. துளியளவுதான், ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கிண்டுவார்கள். பாசியைக் கழுவும்போது சென்ட்ரிஃப்யூஜை மெதுவாக ஓட்டுங்கள். இழை நொறுங்கினால் இடைவெளி எண்ண முடியாது. காலையிலேயே மாற்றுங்கள், அப்போதுதான் 24 மணி நேரம் நிறையும்போது லேப் திறந்திருக்கும். வாட்ச்மேனிடம் லைட்டை அணைக்க வேண்டாம் என்று வாயாலும் சொல்லுங்கள், சீட்டும் ஒட்டுங்கள். எனக்கு ஒரு ஞாயிறு அப்படியே போனது.

மறுநாள் குடுவை வெளிறியிருந்ததைப் பார்த்தபோதே பாதி உயிர் வந்தது. உறையை நிறமேற்றும் அல்சியன் ப்ளூ சாயம் போட்டால், தடித்த உறை நீலமாக, இரு முனையிலும் மினுங்கும் மணியோடு, இழைக்கு நடுவே ஹெட்டரோசிஸ்டுகள்!

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டது: "நைட்ரஜன் பசி எல்லா செல்லுக்கும்தானே, பக்கத்து செல் ஏன் மாறவில்லை?" நைட்ரஜன் குறைந்தால் செல்லுக்குள் 2-ஆக்ஸோகுளுட்டரேட் என்ற சேர்மம் ஏறுவதை என்டிசிஏ புரதம் உணர்ந்து, செல்லை ஹெட்டரோசிஸ்டாக மாற்றும் ஹெட்ஆர் புரதத்தை முடுக்குவது, மாறும் செல்லிலிருந்து பேட்எஸ் பெப்டைடு (குட்டிப் புரதத் துணுக்கு) கசிந்து பக்கத்து செல்லின் ஹெட்ஆர்-ஐ அடக்குவது எல்லாம் சொன்னேன். அடுத்து, "மீடியத்தில் நைட்ரேட் இல்லை என்று எப்படித் தெரியும்?" என்றார். ஸ்ட்ரிப்பின் போட்டோவை ரெக்கார்டிலேயே ஒட்டி வைத்திருந்தேன்.