இந்த வாரம் கேப்டன் ஹாலண்ட் இல்லை

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து அணி கட்டி, அவர்கள் நிஜமாக ஆடுவதற்குப் புள்ளி வாங்கும் ஃபேண்டசி பிரீமியர் லீக்கை நானும் அக்கா பையனும் ஆடுகிறோம். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு அவன் வாட்ஸப்பில் கேட்டது ஒரே கேள்விதான். "மாமா, கேப்டன் ஹாலண்ட்தானே?" இல்லை என்று போட்டேன். அடுத்த நிமிஷம் போனே வந்துவிட்டது. "அஞ்சு மேட்ச்ல பத்து கோல் மாமா! அவரை விட்டுட்டு வேற யாருக்குக் கொடுப்பீங்க?" அவனுக்கு அரை மணி நேரம் பேசிச் சொன்னதைத்தான் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். சனிக்கிழமை நம் நேரப்படி மதியம் மூன்றரைக்கு டெட்லைன், அதாவது முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிஷம் முன்னால். இன்று வியாழன், 2024 செப்டம்பர் 26. யோசிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

மான்செஸ்டர் சிட்டியின் முன்கள ஆட்டக்காரர் ஹாலண்டை அணியிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்சிக்கு எதிராக 1, இப்ஸ்விச்சுக்கு 3, வெஸ்ட் ஹாமுக்கு 3, பிரென்ட்ஃபோர்டுக்கு 2, போன ஞாயிறு ஆர்சனலுக்கு 1 என்று அடித்துக்கொண்டிருப்பவரை விற்க எனக்கு மனசு வராது. சிட்டிக்காக 105 ஆட்டத்தில் 100 கோல் வேறு தொட்டுவிட்டார். ஆனால் அணியில் வைப்பது வேறு, கேப்டன் பட்டையைக் கட்டுவது வேறு. கேப்டனுக்குப் புள்ளி இரண்டு மடங்கு, அதனால் வாரத்தில் நாம் எடுக்கும் முடிவுகளிலேயே பெரியது அதுதான். அந்த முடிவை ஆளைப் பார்த்து மட்டும் எடுக்கக்கூடாது, அவருக்குப் பந்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்து எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை ஆர்சனல் ஆட்டத்தில் முதல் பாதியிலேயே சிட்டியின் நடுக்கள ஆட்டக்காரர் ரோட்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். தசைநார் காயம் என்று சிட்டி நேற்று அறிவித்தும் விட்டது. இன்னொரு நடுக்கள ஆட்டக்காரர் டி பிராய்னும் காயத்தில் இருக்கிறார். இந்த நிலையில் சனிக்கிழமை முதல் ஆட்டமாக நியூகாசிலுக்குப் போகிறார்கள். போன வருஷம் இதே செப்டம்பரில் என்ன நடந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கி ரோட்ரிக்கு மூன்று ஆட்டம் தடை. லீக் கோப்பையில் இதே நியூகாசில் மைதானத்தில் 0-1, அப்புறம் லீகில் வுல்வ்ஸிடம் 1-2, ஆர்சனலிடம் 0-1. டிசம்பரில் மறுபடியும் ஒரு ஆட்டம் தடை, ஆஸ்டன் வில்லாவிடம் 0-1. லீகில் தடையால் ரோட்ரி இல்லாத அந்த மூன்று ஆட்டத்திலும் சிட்டி தோற்றது, மூன்றிலும் ஹாலண்ட் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆள் மாறவில்லை, பந்து வரும் வழிதான் அடைபட்டுப் போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை பிராட்டிஸ்லாவாவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டமும் இருக்கிறது. இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் இந்த வாரம் அவருக்கு இரட்டைப் புள்ளி கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கோல் அடித்தால் அடிக்கட்டும், அந்தப் புள்ளி எனக்கும் வரும்.

சரி, அப்படியென்றால் யார்? ஆர்சனலின் சாக்கா.

ஆர்சனல் சொந்த மைதானத்தில் லெஸ்டருடன் ஆடுகிறது. லெஸ்டர் இந்த சீசனில் 5 ஆட்டத்தில் 8 கோல் வாங்கியிருக்கிறது, கோல் வாங்காமல் முடித்த ஆட்டம் (கிளீன் ஷீட்) ஒன்றுகூட இல்லை. நார்வேக்கு ஆடப்போய் கணுக்காலில் அடிபட்டு ஓடகார்ட் வெளியே இருப்பதால் ஆர்சனலின் தாக்குதல் முழுக்க வலது பக்கம் சாக்காவின் காலில்தான் ஓடுகிறது. பெனால்ட்டி அவருக்கு, கார்னரும் அவருக்கு. டாட்டன்ஹாம் மைதானத்தில் ஆர்சனல் டிஃபெண்டர் கேப்ரியல் தலையால் முட்டிய கோலும், அடுத்த வாரமே சிட்டி மைதானத்தில் முட்டிய கோலும் சாக்கா எடுத்த கார்னரில் வந்தவைதான். மிட்ஃபீல்டர் என்பதால் கோலுக்கு 5, கோலுக்குப் பாஸ் கொடுத்தால் (அசிஸ்ட்) 3, அணி கோல் வாங்காவிட்டால் கூடுதலாக 1. முன்கள ஆட்டக்காரருக்கு கோலுக்கு 4 மட்டும்தான், கிளீன் ஷீட்டுக்கு ஒன்றும் கிடையாது. இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு வாரத்துக்குப் பெரிதாகத் தெரியாது, சீசன் முழுக்க எடுத்துக் கூட்டினால் தெரியும்.

கேப்ரியலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஃபெண்டர்தானே என்று நாம் சும்மா தாண்டிப் போய்விடுகிறோம். டாட்டன்ஹாம் ஆட்டத்தை என் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: முழு ஆட்டம் ஆடியதற்கு 2, கோலுக்கு 6, ஆர்சனல் கோல் வாங்காததால் 4. போனஸைச் சேர்க்காமலேயே 12. மறுவாரம் சிட்டியிடம் இரண்டு கோல் வாங்கியதில் ஒரு புள்ளி போனது, ஆனாலும் கோலுக்கு அதே 6 வந்தது. இந்த விளையாட்டில் 6 மில்லியன் பவுண்டு விலையில் சீசனைத் தொடங்கிய ஆள். கார்னரில் முட்டும் டிஃபெண்டர், அதற்கென்றே நிக்கோலா ஜோவர் என்று தனிப் பயிற்சியாளர் வைத்திருக்கும் அணி, எதிரே லெஸ்டர். இவர் இல்லாமல் இந்த வாரம் யாரும் இறங்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

எனக்கு இப்படிப் பேச ஒரு காரணம் இருக்கிறது. நான்காவது கேம்வீக்கில் (வாரச் சுற்றில்) நான் லிவர்பூலின் சாலாவைக் கேப்டனாகப் போட்டேன். ஆன்ஃபீல்டில் ஃபாரஸ்ட்டுடன் ஆட்டம், அதைவிடச் சுலபமான ஆட்டம் எது என்று நினைத்தேன். 72-வது நிமிஷத்தில் ஹட்சன்-ஓடோய் அடித்த கோலில் லிவர்பூல் 0-1 என்று தோற்றது, பட்டை கட்டிய சாலாவிடம் கோலும் இல்லை, அசிஸ்ட்டும் இல்லை. அதே நாள் ஹாலண்ட் இரண்டு கோல் அடித்தார். எதிரணியின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இப்படி ஆகும் என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்கப்புறம்தான் எதிரணி எத்தனை கோல் வாங்கியிருக்கிறது, நம் ஆள் செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக், பெனால்ட்டி) எடுக்கிறாரா, வாரத்தின் நடுவில் எத்தனை நிமிஷம் ஆடினார் என்று மூன்றையும் நோட்டில் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கேம்வீக். அழித்து அழித்து எழுதி ஆறாவது பக்கம் இப்போதே கிழிகிற மாதிரி இருக்கிறது.

அந்தப் பக்கத்தில்தான் இந்த வாரத்து டிரான்ஸ்ஃபரும் (ஆள் மாற்றமும்) இருக்கிறது. டாட்டன்ஹாமின் சன் வெளியே, செல்சியின் பால்மர் உள்ளே. சன் போன வாரம் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக இரண்டு அசிஸ்ட் கொடுத்தவர், அவரை எடுக்கிறாயே என்று நண்பர்கள் கேட்பார்கள். போன வாரத்துப் புள்ளி போன வாரத்தோடு வந்துவிட்டது. டாட்டன்ஹாமுக்கு இன்று ராத்திரி யூரோப்பா லீக் ஆட்டம், ஞாயிறன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட். பால்மரோ செல்சியின் கான்ஃபரன்ஸ் லீக் பட்டியலிலேயே இல்லை, லீக் ஆட்டத்துக்குத்தான் அவரைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வுல்வ்ஸை 6-2 என்று அடித்தபோது ஒரு கோல், மதுவேக்கேயின் மூன்று கோலுக்கும் பாஸ் அவருடையது. போன வாரம் வெஸ்ட் ஹாமுக்கு எதிராகவும் ஒரு கோல். பெனால்ட்டியும் அவருக்குத்தான். இந்த வாரம் செல்சியின் எதிரணியான பிரைட்டன் இதுவரை தோற்கவில்லை, 5 ஆட்டத்தில் 4 கோல்தான் வாங்கியிருக்கிறது. அது ஒன்றுதான் என்னைத் தடுத்தது, இல்லையென்றால் கேப்டன் பட்டை அவருக்கே போயிருக்கும். வைஸ் கேப்டன் பால்மர்.

லிவர்பூல் பக்கம் அலெக்சாண்டர்-ஆர்னால்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கலாம். அவர்கள் 5 ஆட்டத்தில் வாங்கியது அந்த ஒரே ஒரு ஃபாரஸ்ட் கோல், இப்போது போவது 14 கோல் வாங்கியிருக்கும் வுல்வ்ஸ் மைதானத்துக்கு. லூயிஸ் டியாஸ் 5 கோல் அடித்திருக்கிறார், வைத்திருப்பவர்கள் அப்படியே வைத்திருங்கள். எம்புவேமோவும் அப்படித்தான். பிரென்ட்ஃபோர்டு கடைசி இரண்டு ஆட்டத்திலும் அரை நிமிஷம் ஆவதற்குள் கோல் அடித்த அணி, சிட்டியிடம் விஸ்ஸா, டாட்டன்ஹாமிடம் எம்புவேமோ. இப்போது சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாம், அவர்கள் வாங்கியது 9 கோல்.

கையில் காசு குறைவாக இருந்தால் போர்ன்மவுத்தின் செமென்யோ. 5.5 மில்லியனில் தொடங்கியவர், ஃபாரஸ்ட்டுக்கும் எவர்டனுக்கும் எதிராகக் கோல் அடித்தவர், திங்கட்கிழமை சவுத்தாம்ப்டன் வருகிறது. நமக்கு அது நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை மணி ஆட்டம், நான் எப்படியும் முழித்திருப்பேன். என் அணியில் வழக்கமாக பெஞ்சில் உட்காருபவரை இந்த வாரம் பதினொருவரில் சேர்த்துவிட்டேன்.

தடை விஷயத்தில் ஒரு குழப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் தெளிவாக்கிவிடலாம். டிரோசார்டும் கிப்ஸ்-ஒயிட்டும் போன ஞாயிறு இரண்டாவது மஞ்சள் அட்டையில்தான் வெளியேறினார்கள், இருவருக்கும் ஒரு ஆட்டம் தடை. ஆர்சனலுக்கு நேற்று லீக் கோப்பையில் போல்டன் ஆட்டம் இருந்ததால் டிரோசார்டின் தடை அங்கேயே கழிந்துவிட்டது, லெஸ்டருடன் ஆடலாம். ஃபாரஸ்ட் அந்தக் கோப்பையிலிருந்து ஏற்கெனவே வெளியேறிவிட்டதால் கிப்ஸ்-ஒயிட் ஃபுல்ஹாம் ஆட்டத்தில் கிடையாது. வைத்திருப்பவர்கள் இப்போதே பெஞ்சுக்கு அனுப்பிவிடுங்கள்.

கோல்கீப்பர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆர்சனல் கீப்பர் ராயாவுக்கு ஏதோ காயம் என்று நேற்று போல்டன் ஆட்டத்தில் 16 வயது ஜாக் போர்ட்டரை இறக்கினார்கள். அதுவரை ஆர்சனல் முதல் பதினொன்றில் இறங்கியவர்களிலேயே அந்தப் பையன் மிக இளையவன் ஆனது தனி சந்தோஷம். நாளை ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டெட்டா பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் ராயாவைத் தொடுவேன். என்னிடம் இன்னும் ஒரு ஃப்ரீ டிரான்ஸ்ஃபர் (புள்ளி இழக்காமல் ஆள் மாற்றும் வாய்ப்பு) மிச்சம் இருக்கிறது, இந்த சீசனிலிருந்து 5 வரை சேர்த்து வைக்கலாம் என்பதால் தேவையில்லாமல் செலவழிக்க மாட்டேன், ராயா இல்லை என்றால் மட்டும் அதை எடுப்பேன். நீங்களும் வெள்ளிக்கிழமை வரை கை வைக்காதீர்கள். சாக்காவுக்கு மட்டும் பட்டையை இப்போதே கட்டிவிட்டேன், அக்கா பையனுக்கு ஸ்க்ரீன்ஷாட்டும் அனுப்பியாயிற்று.