ஏழாவது வாரம்

பெப்ரவரி 6
இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 7
கர்ப்பத்தில் நீரிழிவு இருந்ததா, புகைத்தீர்களா, மது அருந்தினீர்களா. நேற்று தாதி எல்லாவற்றையும் ஒரே குரலில் கேட்டார். பக்கத்து நாற்காலியில் மாமி, மகனின் குளிர் அங்கியை மடியில் வைத்தபடி. மாமிக்கு இங்கிலீஷ் விளங்காது என்பது எங்கள் வீட்டுப் பொய். நன்றாக விளங்கும். தாதி கட்டத்தில் குறி போட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

பெப்ரவரி 9
நேற்று இரவு ஏழாம் வாய்ப்பாட்டை முழுதாகச் சொன்னான். காலையில் மூவேழு எவ்வளவு என்றேன். என் முகத்தைப் பார்த்தான். நடிப்பில்லை. இரவோடு யாரோ வந்து அள்ளிக்கொண்டு போனதுபோல் இருக்கிறது. சப்பாத்தைப் போடு, பையை எடு, கதவடியில் நில் என்றால் ஒன்றுதான் மிஞ்சுகிறது. சோம்பேறி என்று இன்றும் கத்தினேன்.

பெப்ரவரி 10
தூங்கும்போது பார்த்தேன். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் பள்ளம் இருக்கிறது. ஆழமாகவே இருக்கிறது.

பெப்ரவரி 13
இரவு இரண்டு மணி. இவர் வேலையில். வாசிக்கக் கூடாது என்று வைத்திருந்ததை வாசித்தேன்.

கருவில் மது பட்டதால் பிள்ளைக்கு வரும் பாதிப்பு. அதற்குக் கனடாவின் 2015 வரையறை. மூளையின் வேலைகளைப் பத்துத் துறைகளாகப் பிரித்திருக்கிறார்கள்; மூன்றிலாவது கடுமையான குறை இருக்க வேண்டும். பிறகு முகம். சிறுத்த கண்பிளவு, தட்டையான பள்ளம், மெல்லிய மேலுதடு. மூன்றும் இருந்தால் தாய் குடித்தாளா என்று உறுதிப்படுத்தத் தேவையே இல்லை. மூன்றும் இல்லையென்றால் யாராவது சொல்லியாக வேண்டும். முகம் மாறுவதற்குத் தொடக்கத்தில் ஒரு குறுகிய காலம்தான் உண்டு. மூளையோ ஒன்பது மாதமும் வளர்கிறது. அதனால் பாதிக்கப்பட்ட பெரும்பாலான பிள்ளைகளின் முகத்தில் ஒன்றுமே தெரியாதாம்.

பள்ளிக்கூடத்தில் சூல்வித்தகத்தைப் படம் வரைந்து பாகம் குறித்து முழுப் புள்ளி வாங்கினேன். மது அதைத் தடையில்லாமல் கடந்துபோகும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

பெப்ரவரி 14
பனி. பள்ளி பஸ் வரவில்லை. நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டான்: இன்று சனிக்கிழமையா?

பெப்ரவரி 17
142 மில்லிலீட்டர் வைன், ஒரு கோப்பைக் கணக்கு. அளவுக் கிண்ணத்தால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கோப்பையில் அது பாதிக்கும் வரவில்லை. நான் இரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது நான்குக்கு மேல். வாரத்துக்கு ஏழு, அல்லது ஒரே இருப்பில் நான்கு என்று இரண்டு தடவை: கருவைப் பாதிக்கும் அளவு என்று எடுத்துக்கொள்ள அதுதான் கோடு.

டிசம்பர் 31. ஜனவரி 10. ஏழாவது வாரத்தில்தான் கர்ப்பம் என்று தெரிந்தது, அன்றோடு விட்டேன்.

இரண்டு நாளும் ஊற்றியவர் இவர். படிவத்தில் ஊற்றியவருக்குக் கட்டம் இல்லை.

"தண்ணீரை ஏன் அளக்கிறாய், பிள்ளை?" என்றார் மாமி. கேக் செய்யப் போகிறேன் என்றேன். பிறகு கேக்கும் செய்ய வேண்டியதாயிற்று.

பெப்ரவரி 18
பிள்ளை பெற்ற கிழமையில் பத்தியச் சாப்பாட்டோடு ஒரு கரண்டி பிராந்தி தந்தவர் இதே மாமிதான். அது மருந்து. என்னுடையது குடி.

பெப்ரவரி 22
1968இல் பிரான்சின் நாந்த் நகரத்தில் லெமுவான் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். வெளியே பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பெயர் இல்லாவிட்டால் பிள்ளை குழப்படிக்காரன். பெயர் வந்துவிட்டால் தாயைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த 127 பேரின் தாய்மாரிடம் யார், எந்தக் குரலில் கேட்டார்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்?

பெப்ரவரி 25
அப்பப்பாவின் வாய் அப்படியே வந்திருக்கிறது என்கிறார் மாமி. பள்ளத்தைத்தான் சொல்கிறார்.

மார்ச் 12
அறிக்கை வந்தது. நினைவு, கவனம், திட்டமிடல், மூன்றிலும் கடுமையான குறை. கருவில் மது பட்டதற்கு உறுதி இல்லை. காரணம் தெரியவில்லை.

எனக்கு மட்டும் தெரியுமா? ஒரே அளவு குடித்த இரண்டு பேரின் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை என்றும் வாசித்தேன். அந்த வரியை இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் விட்டேன். சரியோ பிழையோ, அவர்கள் கேட்டது நடந்ததா என்று மட்டும்தான்.

இவரிடம் சொன்னேன். "இப்போது சொல்லி என்ன?" என்றார். கோப்பையைக் கழுவி வைத்தார்.

மார்ச் 14
மதிய இடைவேளையில் தாதியின் எண்ணுக்கு அழைத்தேன். வரிசையில் மூன்றாவது என்றது பதிவுக் குரல். பிறகு இரண்டாவது. மாமி படியிறங்கி வருகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து கதவைச் சாத்தவில்லை.