பாக்கெட்டில் இருக்கும் நம்பர்

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலரான நான், அதை வைத்துத்தான் ஒரு பள்ளி வாசல் பெட்டிக்கடையில் தொங்கிய சிப்ஸ் சரங்களை இறக்கச் சொன்னேன். கடைக்காரர் எதுவும் பேசவில்லை. பேசியவர், மகளைக் கூட்டிப்போக வந்திருந்த ஓர் அப்பா.

"பஞ்சுமிட்டாயை நிறுத்துனீங்க, நல்லதுன்னோம் சார். அதுல துணிச் சாயம். இது கம்பெனிச் சரக்கு. உங்க டிபார்ட்மென்ட் நம்பரே இதுல இருக்கே?"

14 இலக்க உரிம எண்ணை விரல் வைத்துக் காட்டினார்.

"அது கம்பெனிக்கு உரிமம் இருக்குங்கறதுக்கு. பிள்ளை தினமும் சாப்பிடலாம்னு அர்த்தமில்லைங்க."

"அப்ப அதையும் பாக்கெட்லயே போடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நான் சொன்னது சரியான பதில்தான். ஆனாலும் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறேன். 2024 பிப்ரவரியில் ரோடமின் பி என்ற துணிச் சாயத்துக்காகப் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தபோது, நான் போன இடமெல்லாம் ஆதரவு. கலப்படத்தைத் தடுப்பது அரசின் வேலை என்பதில் மக்களுக்குச் சந்தேகமே இல்லை. உப்பும் சர்க்கரையும் எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. அதில் எவ்வளவு என்று சொல்ல நான் யார் என்று கேட்கிறார்கள். கையில் ஐந்து ரூபாயோடு பிள்ளை தனியாக நிற்கும் இடம் பள்ளி வாசல், விதி அதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த தெரு முனையில் அதே சரம் தொங்குகிறதே என்றும் தோன்றுகிறது.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் சத்து அட்டவணையை எந்தப் பெற்றோர் படிப்பார்கள்? பண்டம் உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று காட்ட முன்பக்கம் நட்சத்திரம் போடலாம் என்று 2022இல் ஒரு விதி வரைவு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரை நட்சத்திரமும் பாராட்டாகத்தான் தெரியும். சிலி நாட்டில் 2016 முதல் கறுப்பு எண்கோணத்தில் 'சர்க்கரை அதிகம்' என்று நேராகவே எழுதுகிறார்கள். நமக்கும் அதுதான் வேண்டும்.

எழுதினால் மட்டும் வாங்காமல் இருப்பார்களா? சிகரெட் பெட்டியில் 85 சதவீதம் எச்சரிக்கைதான், அப்படியும் விற்கிறது. ஆனால் பள்ளி வாசலில் சிகரெட்டை எடுக்கச் சொன்னபோது எந்த அப்பாவும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை.