நான்கு ஒலியும் கேட்டது, சிலிண்டர் மட்டும் சுழலவில்லை

பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்த ரிவால்வரில் ஒரு கோளாறு இருந்தது. தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால் சில நேரம், தோட்டாக்கள் தங்கும் ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர் ஒழுங்காகச் சுழலும், சில நேரம் அசையவே அசையாது. இன்னும் சில நேரம் பாதி சுழன்று நின்றுவிடும். மூன்றிலும் இந்தக் கடைசி நிலைதான் ஆபத்தானது. அறை குழலுக்கு நேராக நிற்காதபோது சுட்டால் குண்டு குழலின் விளிம்பில் மோதிச் சிதறும். அதனால் காரணம் தெரியும்வரை ஒரு தோட்டாவைக்கூட அதில் போடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

1873-இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற அமெரிக்க ரிவால்வரின் உள்ளமைப்பை அப்படியே பின்பற்றிச் செய்த துப்பாக்கி அது. இந்த வகையில் சுத்தியலை விடுவிப்பது மட்டுமே விசையின் (சுடும்போது விரலால் இழுக்கும் பாகம்) வேலை. சுத்தியலைப் பெருவிரலால்தான் இழுக்க வேண்டும். அந்த ஒரே இழுப்பில் ‘ஹேண்ட்’ எனப்படும் மெல்லிய எஃகுத் துண்டு மேலேறி, சிலிண்டரின் பின்புறப் பல்லைத் தள்ளி, அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவரும். அடியிலிருந்து ‘போல்ட்’ என்ற பூட்டும் துண்டு எழும்பிச் சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து அதைப் பூட்டும். எத்தனை எளிய ஏற்பாடு! உள்ளே இருக்கும் பாகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒன்று தவறினாலும் எல்லாம் தவறும்.

முதலில் சுத்தியலை அரை இழுப்பில் நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சிலிண்டரைக் கையால் சுற்றி ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு விளக்கைப் பிடித்து மறுபடியும் பார்த்தேன். பரம்பரையாக வரும் துப்பாக்கியைக் காலி என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது.

அடுத்து, காதைக் கொடுத்துக் கேட்டேன். நல்ல நிலையில் உள்ள இந்த வகை ரிவால்வரில் சுத்தியலை மெதுவாக இழுத்தால் நான்கு ஒலிகள் வரும். முதலாவது சுத்தியலின் பாதுகாப்புப் பள்ளம், இரண்டாவது அரை இழுப்பு, மூன்றாவது போல்ட் விடுபட்டுச் சிலிண்டரில் தட்டுவது, நான்காவது முழு இழுப்பு. எனக்கு நான்கும் கேட்டன. விசைக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து இருப்பது ஒரே தட்டை ஸ்பிரிங்தான். இந்த வகையில் அடிக்கடி உடைவதும் அதுதான் என்பதால் என் முதல் சந்தேகம் அதன்மேல் இருந்தது. ஆனால் போல்ட்டின் பக்கம் உடைந்திருந்தால் மூன்றாவது ஒலி வந்திருக்காது. சந்தேகம் ஹேண்டின் பக்கம் திரும்பியது.

இதை உறுதிப்படுத்த ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. குழலைத் தரையை நோக்கிச் சாய்த்து இழுத்தேன், சிலிண்டர் ஒவ்வொரு முறையும் சுழன்றது. குழலை மேல்நோக்கித் திருப்பி இழுத்தேன், சிலிண்டர் நின்ற இடத்திலேயே நின்றது. ஹேண்டைப் பல்லோடு அழுத்திப் பிடிக்க வேண்டிய சிறு ஸ்பிரிங் இல்லாமல் போனால் புவியீர்ப்புதான் அந்த வேலையைச் செய்யும். குழல் கீழே சாய்ந்தால் ஹேண்ட் முன்னே விழுந்து பல்லைப் பிடிக்கும், மேலே நிமிர்ந்தால் பின்னே சாய்ந்து விலகிவிடும். அரை இழுப்பில் சிலிண்டரைச் சுற்றும்போது கேட்க வேண்டிய ‘டிக் டிக்’ ஓசையும் இல்லை. எதிர்த்திசையிலும் அது தடையின்றிச் சுழன்றது. இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

கழற்றுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, திருப்புளி மட்டும் திருகின் வெட்டுக்கு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். வீட்டில் கிடக்கும் ஆப்பு வடிவத் திருப்புளி வழுக்கி வெட்டைச் சிதைத்துவிடும். பழைய துப்பாக்கிகளில் கண்ணை உறுத்தும் காயங்களில் பாதி அப்படி வந்தவைதான். சிலிண்டர், பிடி, பிரதான ஸ்பிரிங், விசைக்காப்பு, பக்கத் திருகுகள் என்று வரிசையாக எடுத்த பிறகு, சுத்தியலை ஹேண்டோடு சேர்த்துச் சட்டகத்தின் அடிவழியாக இறக்கினேன்.

உள்ளே எண்ணெய் காய்ந்து, அரக்குப் போலப் பழுப்பாக இறுகியிருந்தது. ஹேண்டின் பின்புறம் அந்த ஸ்பிரிங்கின் அடிக்கட்டை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, மீதித் துண்டு பிசுக்கில் புதைந்து கிடந்தது. உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது ஒரு பாதி துருவேறிக் கறுத்தும் மறுபாதி சாம்பல் நிறத்தில் பளிச்சென்றும் இருந்தது. அப்படியானால் விரிசல் எப்போதோ விழுந்திருக்கிறது, முழுதாக முறிந்தது பின்னால்தான். தட்டை ஸ்பிரிங்குகளின் குணம் இது. ரூகர் என்ற துப்பாக்கி நிறுவனம் 1953-இல் சிங்கிள் சிக்ஸ் ரிவால்வரை வெளியிட்டபோது தட்டை ஸ்பிரிங்குகளை விட்டுச் சுருள் ஸ்பிரிங்குகளுக்கு மாறியதில் வியப்பில்லை.

புது ஸ்பிரிங்கை ஹேண்டின் வெட்டில் செருகித் தட்டி இறுக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் ஹேண்டின் நுனியைக் காட்டினார். அது தேய்ந்து மழுங்கியிருந்தது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் சிலிண்டர் சுழலும், ஆனால் மெதுவாக இழுக்கும்போது பூட்டும் இடம்வரை போய்ச் சேராது என்றார். அதனால் புது ஹேண்டே போடப்பட்டது. புதியது சற்று நீளமாகவே வரும். வேண்டிய அளவுக்கு மட்டும் நுனியைத் தேய்த்துப் பொருத்துவார்கள். அரத்தை எடுத்தால் ஹேண்டில்தான் வைக்க வேண்டும், சிலிண்டரின் பல்லில் ஒருபோதும் வைக்கக்கூடாது. ஹேண்ட் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். பல்லைக் கெடுத்தால் சிலிண்டரே போய்விடும். கழற்றிய பழைய ஹேண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், துப்பாக்கியோடு பிறந்த பாகம் அதனுடனேயே இருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் ஆறு அறைகளையும் தனித்தனியாகச் சோதித்தேன். சிலிண்டரின்மேல் இடது பெருவிரலை லேசாக உரசவிட்டு, சுத்தியலை மிக மெதுவாக இழுத்தேன். முழு இழுப்பு விழும்போதே போல்ட்டும் பள்ளத்தில் விழ வேண்டும். எல்லா அறைகளிலும் விழுந்தது. குழலை மேலே நிமிர்த்தியும் அப்படியே விழுந்தது.

அதன் பிறகே சுடுதளத்துக்கு எடுத்துப் போனேன். முதலில் ஒவ்வொரு தோட்டாவாக, பிறகு ஐந்தாக. சுத்தியலின் ஊசி நேராகத் தோட்டாவின்மேல் படியும் பழைய அமைப்பு இது, ஆகவே ஆறாவது அறை எப்போதும் காலியாகத்தான் இருக்க வேண்டும், சுத்தியல் அதன்மேல்தான் தங்க வேண்டும். சுட்ட உறைகளின் பிரைமரில் (ஊசி பட்டதும் பற்றிக்கொள்ளும் அடிப்பகுதி) ஊசித்தடம் நடுவிலேயே பதிந்திருந்தது. சிலிண்டரைச் சுற்றிப் போல்ட் உராய்ந்து விழுந்த கோடு ஒன்று பழையதாக இருக்கிறது. அது ஆழமாகவில்லை என்பதால் போல்ட்டில் இப்போதைக்குக் கைவைக்கவில்லை.