வாசலில் நின்று ஒரு மிஸ்டு கால்

வேதாரண்யம் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. மகளிர் குழுவில் இருப்பதால், புயல் வெள்ள நேரத்தில் எங்கள் தெருவுக்கு முதல்நிலைப் பொறுப்பாளர்களில் நானும் ஒருத்தி. தமிழ்நாட்டில் பாதிப்புக்கு உள்ளாகும் இடங்கள் என்று அரசு கணக்கெடுத்தவை 4,133. அதில் மிக அதிக ஆபத்து உள்ளவை 321. இவ்வளவு பெரிய கணக்கும் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று எழுதும் வரியில்தான் வந்து நிற்கிறது.

ஐப்பசி மழைக்கு முன்பே வீடு வீடாகப் போவோம். கூரையா, ஓடா? எத்தனை பேர்? கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள், ஆடு மாடு, கைப்பேசி எண். எழுதியதை கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தால் தாலுகா வழியாக மாவட்டத்துக்குப் போகும்.

2018-இல் ஒரு பாட்டி வீட்டு வரியை முந்தைய வருஷத் தாளைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். பாட்டி, மகன், மகனின் எண். அவ்வளவுதான். அவன் அதற்குள் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான்.

நவம்பர் 15, கஜா புயல் வருகிறது என்று தெருவே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது. பாட்டி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. போனும் அடித்து அடித்து நின்றது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று டிக் போட்டுவிட்டேன்.

இரவு ஒன்பது மணிக்கு அவனே கூப்பிட்டான். "அக்கா, மெஷின் சத்தத்துல கேக்கல. அம்மா உங்களோடதானே இருக்காங்க?"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இரண்டு பையன்கள் டார்ச்சோடு ஓடினார்கள். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் பாயில் சுருண்டு கிடந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் புயல் கரையைக் கடந்தது. காலையில் போய்ப் பார்த்தால் அந்த வீட்டுக்குக் கூரையே இல்லை.

அதற்கப்புறம் பழைய தாளைப் பார்த்து எழுதுவதே இல்லை. வாசலில் நின்றபடியே அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். வீட்டுக்குள் மணி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பக்கத்து வீட்டு எண்ணையும் சேர்த்து எழுதுவேன். வெளியூருக்கு வேலைக்குப் போனவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்வேன். ஒரு தெருவுக்கு இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

2023 அக்டோபரில் அரசு ஒரு சோதனை எச்சரிக்கை அனுப்பியது. என் போன் பெரிய சத்தத்தோடு அலறியது. நல்ல ஏற்பாடுதான், செயலி எதுவும் தேவையில்லை. ஆனால் எங்கள் தெருவில் பட்டன் போன் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. பெரும்பாலும் தனியாக இருக்கும் வயதானவர்கள்தான் அவர்கள். இவர்களிடம் நேரில் போய்த்தான் சொல்லியாக வேண்டும், அதற்குத் தாள் சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் ஊரிலும் கணக்கெடுக்க வந்தால் வீட்டில் உண்மையில் யார் தங்குகிறார்கள் என்று சொல்லுங்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

அந்தப் பாட்டியின் வரியில் இப்போது மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றாவது என்னுடையது.