ஒரு பாரம் குறைந்த நாவல்

மாத நாவல் எழுதிப் பழகியவர்களுக்கு 96 பக்கம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பதினாறு பக்கம் ஒரு பாரம், ஆறு பாரம் ஒரு நாவல். நான் அனுப்பியது அச்சுக்கோப்பில் ஏழு பாரமாக வந்து நின்றது. அட்டை, விலை போடப்பட்டுச் சிவகாசியில் அச்சாகிவிட்ட பிறகு பதிப்பாளர் சென்னையிலிருந்து அழைத்தார். எந்தப் பகுதியை எடுக்க வேண்டும் என்பதை அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

“செத்துப்போனவளுக்கு எதுக்கு சார் ஒரு பாரம்?”

“அவ செத்ததாலதானே சார் கதையே நடக்குது?”

“அதான் முதல் பக்கத்துலயே செத்துட்டாளே. இனிமே இன்ஸ்பெக்டர் வரணும்ல?”

பேச்சு அவ்வளவுதான். அன்றிரவே அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன். நாவல் குறித்த தேதியில் கடைகளில் தொங்கியது. ஆனால், அதற்குப் பின் எழுதிய ஒவ்வொரு கதையிலும் பிணம் விழும் இடத்தில் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அவர் கணக்கில் பிழை இருந்ததாக நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். காகித விலை ஏறினாலும் அட்டையில் அச்சான விலையை ஏற்ற முடியாது. முகவர் கழிவு அந்த விலையில்தான் போகும். சந்தாதாரர்களுக்கு அனுப்பும் அஞ்சல் கட்டணம் எடையைப் பொறுத்தது. விற்காமல் திரும்பும் பிரதிகளைப் பழைய தாளாக எடைக்குத்தான் போட வேண்டும். அத்துடன் வாசகரையும் அவர் நன்றாக அறிந்திருந்தார். மதுரை ஆரப்பாளையத்தில் தேனிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கையில் எடுக்கும் நாவலை, உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி, தேனியில் இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும். பயணம் முடிந்தும் கொலைகாரன் பிடிபடவில்லை என்றால், அந்த வாசகர் அடுத்த மாதம் என் பெயரைப் பார்த்து வாங்கமாட்டார். இதை இழிவாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு மணி நேரப் பயணத்தை ஒருவருக்கு மறக்கடிப்பது எளிய வேலையன்று.

எடுக்கப்பட்ட பகுதி இதுதான். கொலையுண்டவள் செல்லூரில் ஒரு தறிக்கூடத்துக்குத் தார், அதாவது ஊடைநூல் குழல், சுற்றிக்கொடுப்பவள். பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் அடையாளம் காட்டிவிட்டுத் திரும்பும் தாய், மகள் வாங்கியிருந்த முன்பணம் இன்னும் கழியவில்லை என்பதை அறிகிறாள். காரியம் முடியும்வரை பொறுக்கலாம் என்று தறிக்காரர் சொல்லியும் கேட்காமல், மறுநாள் காலையே மகளின் ராட்டையின் முன் உட்காருகிறாள். நூல் அறுகிறது, முடிச்சுப் போடுகிறாள், கண் மங்கியதால் முடிச்சு பெரிதாக விழுகிறது, அப்படிப்பட்ட முடிச்சு, தறியில் ஊடைநூலைக் கொண்டு ஓடும் நாடாவில் சிக்கும் என்று மகள் எப்போதோ கடிந்துகொண்டது நினைவுக்கு வர, பல்லால் கடித்துப் பிரித்து மறுபடி போடுகிறாள். பதினாறு பக்கத்துக்கும் அவ்வளவுதான் நிகழ்ச்சி. துப்பறியும் நாவலின் வேகத்தை அது தடுத்து நிறுத்தியது உண்மை. நிறுத்த வேண்டும் என்றுதான் எழுதினேன் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். எழுதியபோது அப்படி எந்தத் திட்டமும் இருந்ததாக நினைவில்லை.

வேறொரு சங்கடமும் இருந்தது. கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கும் தடயத்தை அந்த அத்தியாயத்தில்தான் வைத்திருந்தேன். முன்பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் யார் என்பதைத் தாய் போகிற போக்கில் சொல்லுவாள். துக்கத்தில் கரைந்திருக்கும் வாசகர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார். அத்தியாயம் போனதும் அதை இன்ஸ்பெக்டர் வாயில் இரண்டு வரியாக வைத்தேன். விசாரணையில் சொல்லப்படும் எதையும் வாசகர் சந்தேகத்தோடுதான் படிப்பார். நாற்பதாம் பக்கத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சிலர் கடிதம் எழுதினார்கள். தொழில் முறையில் பார்த்தாலும் அந்தத் துக்கம் வீண் செலவாக இருக்கவில்லை என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவேன். ஆனால், ஒரு தாயின் துக்கத்தைத் தடயம் ஒளித்துவைக்கும் இடமாகப் பயன்படுத்தியவன் நான்தான். பதிப்பாளர் அதை வெறும் பக்கக் கணக்காகப் பார்த்தார் என்று குறைசொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது?

ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி தொடக்கத்திலேயே அறிமுகமாக வேண்டும், துப்பறிவாளர் காணும் தடயத்தை வாசகரிடம் மறைக்கக்கூடாது என்பனபோல. அந்தப் பத்தில் ஒன்றுகூடச் செத்தவரைப் பற்றியதன்று. நம்மிடம் வடுவூர் துரைசாமி அய்யங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் போன்ற முன்னோடித் துப்பறியும் நாவலாசிரியர்களின் காலத்தில் நாவல்கள் பாகம் பாகமாக வந்தன; யாரும் நிதானமாக அழலாம், ஆசிரியரும் இடையில் புகுந்து நீதி சொல்லலாம். மாத நாவல் அந்தக் கொழுப்பையெல்லாம் கரைத்தது. நல்லதுதான் என்று பலமுறை வாதிட்டிருக்கிறேன், இப்போதும் வாதிடுவேன். அழுகையும் அந்தக் கொழுப்பில் சேர்ந்ததா என்பதில்தான் தடுமாறுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாவல் மின்நூலாக வந்தது. மின்நூலுக்குப் பாரக் கணக்கு இல்லை. பொறுப்பேற்றிருந்த இளைஞர், வெட்டிய பகுதி ஏதேனும் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். கையெழுத்துப் படியை எடுத்துப் படித்தேன். முடிச்சுப் போடும் இடம் நன்றாகவே இருந்தது. ஆனால், அதற்கு முன்னும் பின்னும் தாய் பேசுவதெல்லாம் நான் பேசுவதுபோல இருந்தது. அது உண்மையிலேயே அப்படித்தானா, இல்லை, பல ஆண்டுகளாக 96 பக்கத்துக்குள் எழுதி எழுதி என் காதே பதிப்பாளரின் காதாக மாறிவிட்டதா என்று தீர்மானிக்க முடியவில்லை.

“அந்தச் சாப்டர் இருக்கா சார்?” என்று இளைஞர் மறுபடி கேட்டார்.

“இருக்கு தம்பி. ஆனா அது வேற நாவல்.”

பேச்சை முடிப்பதற்காகச் சொன்னதுதான். பிறகு யோசித்தால் அதிலும் ஓரளவு நியாயம் இருப்பதாகத் தோன்றியது. அந்த வேறு நாவலை நான் இன்னும் தொடங்கவில்லை. தொடங்கினால் அதில் கொலைகாரனுக்கு எத்தனை பக்கம் ஒதுக்குவது என்பதில் குழப்பம் இருக்கிறது. அவன் யார் என்று கடைசிவரை சொல்லாமல் விட்டால் ஆரப்பாளையத்தில் அதை வாங்க ஆள் இருப்பாரா என்பதும் தெரியவில்லை.